மொரப்பூரிலிருந்து ஒரு கேள்வி: டிசைன், கோடிங், கட்டுமானம் – மூன்றும் ஒரே வேலையில் முடியுமா?

இந்த எபிசோடு ஒரு மெசேஜிலிருந்து ஆரம்பிக்கிறது. அனுப்பினவர் சென்னையில் பி.ஆர்க். நாலாம் வருஷம் படிக்கிறார். சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம் மொரப்பூர். சேலம் – ஜோலார்பேட்டை ரயில் பாதையில் வரும் அதே மொரப்பூர்தான். அவர் கேட்டது இது: "எனக்கு டிசைன் பிடிக்கும், கோடிங்கும் பிடிக்கும். ஆனா கடைசியில எங்க ஊர்ல ஒரு வீடாவது வேற மாதிரி, நல்லா, கம்மி செலவுல கட்டணும்னு ஆசை. இந்த மூணும் சேர்ந்த வேலைன்னு ஒண்ணு இருக்கா? இல்ல, ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கணுமா?"

இருக்கிறது. ஆனால் அந்த மூன்றையும் எந்த வரிசையில் கற்றுக்கொள்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெரிய கம்பெனிகளே சறுக்கியிருக்கின்றன. அதில் ஒன்றின் கதை மொரப்பூருக்குப் பக்கத்து மாவட்டம் வரைக்கும் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோடு, பொருள், சுவர்

முதலில் சாஃப்ட்வேர் இங்கே என்ன செய்கிறது என்று தெளிவாகப் புரிந்துகொள்வோம். ஆட்டோகேட் 1982-ல் வந்தது. அதில் நீங்க ஒரு சுவர் வரைந்தால், கம்ப்யூட்டருக்கு அது இரண்டு கோடு, அவ்வளவுதான். அது சுவரா, ரோடா, மேஜையா என்று அதற்குத் தெரியாது.

2000-ல் ரெவிட் வந்தது. 2002-ல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. இந்த வகை மென்பொருளில் நீங்க வரைவது கோடு இல்லை, பொருள். "இது சுவர், ஒன்பது இன்ச் கனம், செங்கல், இதில் ஒரு ஜன்னல்" என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஜன்னலை நகர்த்தினால் பிளான், எலிவேஷன், பொருள் பட்டியல் எல்லாமே மாறும். இதைத்தான் பி.ஐ.எம். என்கிறார்கள். சென்னையிலும் பெங்களூருவிலும் கட்டடக்கலை படித்த நிறைய பேர் இன்று செய்வது இந்த வேலைதான். பல நேரம், தாங்கள் நேரில் பார்க்கவே போகாத வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு.

அடுத்த படி, கட்டடத்தையே விதிகளாக எழுதுவது. கிராஸ்ஹாப்பர் மாதிரிக் கருவிகளில் ஒரு வடிவத்தை வரைவதற்குப் பதில், அந்த வடிவம் எப்படி உருவாகணும் என்பதை எழுதுகிறோம். மனையின் அகலத்தை மாற்றினால் மொத்த வீடும் தன்னைத் திருத்திக்கொள்ளும். பைதான் தெரிந்தால் இதை இன்னும் தூரம் கொண்டுபோகலாம்.

ஆக, கோடு பொருளாச்சு, பொருள் விதியாச்சு. ஆனால் விதி இன்னும் சுவர் ஆகவில்லை. சுவர் சைட்டில் இருக்கிறது. அங்கே கொத்தனார் இருக்கிறார், மழை வருகிறது, செங்கல் லோடு லேட்டாகிறது. இந்த மூன்றாவது தாண்டல்தான் கஷ்டமானது.

கம்ப்யூட்டரில் ஆரம்பித்து மண்ணுக்கு வந்தவர்

இந்தப் பாதையில் ரொம்ப முன்னாடியே நடந்தவர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர். 1936-ல் வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதமும் கட்டடக்கலையும் படித்துவிட்டு, ஆராய்ச்சிக்கு ஹார்வர்டு போனார். 1960-களின் ஆரம்பத்தில், அறை சைஸ் கம்ப்யூட்டர்கள் இருந்த காலத்தில், டிசைனுக்காக புரோகிராம் எழுதினவர்களில் அவரும் ஒருவர்.

1964-ல் வந்த அவருடைய முதல் முக்கியமான புத்தகத்தில் ஒரு செய்முறை உதாரணம் இருக்கிறது. லண்டனோ நியூயார்க்கோ இல்லை. சுமார் 600 பேர் வாழும் ஒரு இந்தியக் கிராமம்! தண்ணீர், மாடு, நிலம், சாதி, சடங்கு, பாதை என்று அந்தக் கிராமத்துக்கு 141 தேவைகளைப் பட்டியல் போட்டார். எந்தத் தேவை எந்தத் தேவையோடு மோதுகிறது, எது எதோடு ஒத்துப்போகிறது என்று குறித்தார். அந்த வலையைக் கம்ப்யூட்டர் முறையில் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகத் தீர்வு கண்டு, பிறகு ஒன்றுசேர்ப்பது திட்டம்.

அழகான முறைதான். ஆனால் சில வருஷத்திலேயே, வெறும் முறையை மட்டும் பிடித்துக்கொண்டு கட்டடத்தை மறந்தவர்களிடமிருந்து அவரே விலகிக்கொண்டார். டிசைன் முறையைப் பற்றி ஆராய்வதையும் டிசைன் செய்வதையும் தனித்தனியாகப் பிரிப்பது தப்பு என்று வெளிப்படையாகவே எழுதினார். 1970-களின் நடுவில் மெக்சிகோவில் மெஹிகாலி என்ற ஊருக்குப் போய், ஐந்து குடும்பங்களோடு சேர்ந்து ஐந்து வீடுகள் கட்டினார். அங்கேயே ஒரு களம் அமைத்து, மண்ணும் சிமெண்டும் கலந்த கற்களை அங்கேயே அச்சிட்டார்கள். குடும்பங்கள் தங்கள் மனையில் நின்று, அறை எங்கே, வாசல் எங்கே என்று தாங்களே முடிவுசெய்தார்கள். ஐந்து வீடும் ஒரே முறையில் கட்டப்பட்டவை, ஆனால் ஐந்தும் ஐந்து மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை. 1977-ல் அவர் தன் குழுவோடு வெளியிட்ட, 253 வடிவமைப்பு முறைகள் அடங்கிய 'எ பேட்டர்ன் லாங்வேஜ்' புத்தகத்தைக் கட்டடக்காரர்களைவிட மென்பொருள்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க இன்டர்வியூவுக்குப் படிக்கிற 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்ற சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அவர் போன வழியைக் கவனியுங்க. கம்ப்யூட்டரில் தொடங்கினார், சைட்டுக்கு வந்தார். வந்த பிறகு கணக்கை விட்டுவிடவில்லை. ஐந்து வெவ்வேறு வீடு ஒரே முறையில் வரணும் என்ற யோசனையே ஒரு புரோகிராமரின் யோசனைதான்.

கிருஷ்ணகிரி வரை வந்த கலிபோர்னியா

இப்போ எதிர்த்திசையில் ஒரு கதை. 2015-ல் கலிபோர்னியாவில் கட்டெர்ரா என்ற கம்பெனி ஆரம்பித்தது. நிறுவியவர்களில் ஒருவரான மைக்கேல் மார்க்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் தயாரிக்கும் பெரிய நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். 'ஃபோன் மாதிரி வீட்டையும் ஃபேக்டரியில் செய்யலாமே' என்ற மாதிரியான எண்ணம். டிசைன், சாஃப்ட்வேர், பொருள் வாங்குவது, ஃபேக்டரி, கட்டுமானம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். சாஃப்ட்பேங்க் உள்பட முதலீட்டாளர்களிடம் சுமார் 200 கோடி டாலர் திரட்டினார்கள். நம்ம நேயர் கேட்ட மூன்றும் சேர்ந்த வேலை அங்கே நூற்றுக்கணக்கில் இருந்தது.

2018-ல் அந்தக் கம்பெனி இந்தியாவின் கே.இ.எஃப். இன்ஃப்ராவோடு இணைந்தது. கே.இ.எஃப்.பின் பெரிய ஃபேக்டரி எங்கே இருந்தது தெரியுமா? கிருஷ்ணகிரியில், 40 ஏக்கருக்கு மேற்பட்ட வளாகத்தில். மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். சுவர், தளம், குளியலறை என்று கட்டடத்தின் பாகங்களை ஃபேக்டரியில் செய்து, லாரியில் ஏற்றி, சைட்டில் பொருத்துகிற முறை. பெங்களூருவில் 2017-ல் தொடங்கிய இந்திரா கேன்டீன் கட்டடங்கள் சீக்கிரம் எழும்பினதற்குப் பின்னால் இந்த முறைதான் இருந்தது.

2021 ஜூனில் கட்டெர்ரா அமெரிக்காவில் கடையை மூடியது. திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

ஏன் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. கொரோனா காலம், செலவு, நிர்வாகம் எல்லாம் சேர்ந்தது. ஆனால் நமக்குத் தேவையான பாடம் ஒன்று உண்டு. சாஃப்ட்வேரில் ஒரு தடவை எழுதினால் பத்து லட்சம் பேருக்குக் கொடுக்க கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. வீடு அப்படி இல்லை. ஒவ்வொரு மனைக்கும் மண் வேற, சாய்வு வேற, விதி வேற, பாதை வேற. ஃபேக்டரியில் செய்த குளியலறையை கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு நாலு வழிச்சாலையில் கொண்டுவந்துடலாம். ஊருக்குள்ளே பத்து அடித் தெருவில் கிரேன் எப்படித் திரும்பும்? அதுவும் உள்ளே காலியாக இருக்கிற பெட்டி. நீங்க லாரி வாடகை கொடுப்பதில் பாதி காற்றுக்கு.

ஃபேக்டரி முறையே தப்பு என்று அர்த்தம் இல்லை. சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் 1,152 வீடுகளை முன்வார்ப்பு கான்கிரீட் முறையில் கட்டினார்கள். 2021 ஜனவரி 1-ல் அடிக்கல், 2022 மே 26-ல் திறப்பு. ஒரே இடம், அடுக்குமாடி, ஒரே மாதிரி வீடு ஆயிரத்துக்கு மேல் என்றால் அச்சு செய்த செலவு திரும்பி வரும். தனித்தனி மனையில் தனித்தனி வீடு என்றால் கணக்கு மாறும்.

சுவரை அச்சடிக்கலாம். வீட்டை?

"அப்போ த்ரீடி பிரிண்டிங்?" என்று கேட்பீங்க. நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் அந்த வளாகத்திலேயே 600 சதுர அடியில் ஒரு வீட்டை உருவாக்கியது. 2021 ஏப்ரலில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதைக் காணொளி வழியாகத் திறந்துவைத்தார். அதற்கு முன்பே, 2020 டிசம்பரில் எல் அண்டு டி நிறுவனம் காஞ்சிபுரத்தில் 700 சதுர அடியில் மாடியோடு ஒரு கட்டடம் அச்சிட்டது. 2023 ஆகஸ்டில் பெங்களூருவில் 1,021 சதுர அடி தபால் நிலையம் திறந்தார்கள். கட்டி முடிக்க 43 நாள்.

இது எப்படி வேலை செய்கிறது? கேக் மேலே கிரீம் பிழிவது மாதிரி, ஒரு குழாய் முனையிலிருந்து கான்கிரீட் கலவை அடுக்கடுக்காக வருகிறது. முனை எங்கே போகணும் என்பதை மாடலிலிருந்து சாஃப்ட்வேர் எழுதிக்கொடுக்கிறது. சென்ட்ரிங் பலகை வேண்டாம். சுவர் உள்ளே பொள்ளலாக இருக்கலாம், வளைவுக்குத் தனிச் செலவு கிடையாது. சிக்கல் கலவையில்தான். குழாய்க்குள் ஓடுகிற அளவுக்கு இளகியிருக்கணும், வெளியே வந்ததும் மேலே வரும் அடுக்கைத் தாங்கணும். கொஞ்சம் தாமதித்தால் இரண்டு அடுக்கும் ஒட்டாது. சித்திரை வெயிலில் ஒரு கணக்கு, ஐப்பசி ஈரத்தில் இன்னொரு கணக்கு. ஆக இந்த வேலைக்கு டிசைன் தெரிந்தவர், கோட் எழுதுபவர், கான்கிரீட் புரிந்தவர் மூன்று பேரும் வேண்டும். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஒருத்தர் நடுவில் இருந்தால்தான் அவர்களே ஒருவரோடு ஒருவர் பேச முடியும்.

ஆனால் ஞாபகம் வெச்சுக்கோங்க. அச்சாவது பெரும்பாலும் சுவர் மட்டும். அஸ்திவாரம், கூரை, ஜன்னல், கதவு, ஒயரிங், பிளம்பிங், பெயின்ட் எல்லாம் மிச்சம் இருக்கிறது. சுவரை வேகமாக முடித்துவிட்டால் வீடு வேகமாக முடிந்தது என்று ஆகாது.

360 சதுர அடியில் ஒரு கணக்கு

சரி, இப்போ மொரப்பூருக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டம் தெரிந்திருக்கும். 2030-க்குள் 8 லட்சம் குடிசைகளுக்குப் பதிலாக கான்கிரீட் வீடுகள் என்பது இலக்கு. 2024–25-க்கு மட்டும் 1 லட்சம் வீடு, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று அறிவிப்பு. ஒரு வீடு 360 சதுர அடி.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். 18 அடிக்கு 20 அடி வீடு. நாலு வெளிச்சுவரும் சேர்த்து 76 அடி. உள்ளே ஒரு குறுக்குச் சுவரோடு ஏறக்குறைய 92 அடி. உயரம் 10 அடி. கதவு, ஜன்னல் கழித்தால் சுமார் 830 சதுர அடி சுவர். எல்லாமே ஒன்பது இன்ச் கனம் என்றால், கன அடிக்குப் பதிமூன்றரைச் செங்கல் வீதம், கிட்டத்தட்ட 8,400 செங்கல்.

இப்போ லாரி பேக்கர் கேரளாவில் பரவலாக்கிய ராட் ட்ராப் பாண்ட் முறையை எடுப்போம். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, சுவருக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவர் கனம் அதே ஒன்பது இன்ச்தான். செங்கல் சுமார் கால் பங்கு குறையும், சிமெண்ட் கலவையும் குறையும். நடுவில் இருக்கும் காற்று வெயிலை மட்டுப்படுத்தும்.

8,400-ல் கால் பங்கு 2,100 செங்கல். கல் 8 ரூபாய் என்று வெச்சுக்கிட்டா, 16,800 ரூபாய். சின்னத் தொகைதானே என்று தோன்றலாம். 3.5 லட்சத்தில் அது கிட்டத்தட்ட 5 சதவீதம். பல குடும்பங்கள் கடன் வாங்கி முடிக்கிற கதவு, ஜன்னல், தரை எல்லாம் இந்த மாதிரித் தொகையில்தான் நிற்கிறது. ஒரு லட்சம் வீட்டுக்குப் பெருக்கினால் 21 கோடி செங்கல். அத்தனையும் சூளையில் வேக வேண்டாம்.

இதில் சாஃப்ட்வேர் எங்கே? மனை 18 அடி அகலம் இல்லை, 12 அடிதான் என்றால் வீடு 12-க்கு 30 ஆகும். அதே 360 சதுர அடிக்கு வெளிச்சுவர் 76-லிருந்து 84 அடியாகும். ஜன்னல் எங்கே வைத்தால் செங்கல்லை வெட்டாமல் வரிசை முடியும்? மேற்கு வெயில் எந்தச் சுவரில் விழும்? எத்தனை கல் லோடு சொல்லணும்? ஒவ்வொரு மனைக்கும் இதைக் கையால் போட யாருக்கும் நேரம் கிடையாது. நூறு வரி பைதான் ஸ்கிரிப்ட் ஒரு நொடியில் போடும்.

ஆனால் அந்த ஸ்கிரிப்ட் ஜெயிப்பதும் தோற்பதும் வேறு இரண்டு விஷயத்தில் இருக்கிறது. ஒன்று, செங்கல் எல்லாம் ஒரே அளவா? நாட்டுச் சூளைக் கல் ஒன்று கூடும், ஒன்று குறையும். நிறுத்திவைத்தால் அந்தக் கோணல் அப்படியே சுவரில் தெரியும். இரண்டு, கொத்தனாருக்கு இந்தக் கட்டு பழக்கமா? பழக்கம் இல்லையென்றால் வேலை மெதுவாகும், மிச்சம் பிடித்த செங்கல் காசு கூலியில் போய்விடும். இந்த இரண்டுக்கும் பதில் ரெவிட்டில் கிடைக்காது. சூளைக்குப் போய் நூறு கல்லை டேப் வைத்து அளக்கணும். கொத்தனாரோடு பத்து அடி சுவர் கட்டிப் பார்க்கணும்.

அப்போ என்ன செய்யலாம்?

நேயருக்கு நேராகவே சொல்றேன்.

முதலில், பி.ஆர்க்.கை முடிங்க. 1972-ம் வருஷச் சட்டப்படி, கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள முடியும். அது உங்களுக்கு ஒரு பலம்.

இரண்டாவது, ஒரே ஒரு பி.ஐ.எம். கருவியும் பைதானும் போதும். காசு இல்லையென்றால் பிளெண்டரோடு சேர்ந்து ஓடும் போன்சாய், அதன் அடியில் இருக்கும் ஐ.எஃப்.சி.ஓபன்ஷெல் இரண்டும் இலவசம், கோடும் திறந்தே இருக்கிறது. போன்சாயைத் தொடங்கிய டையன் மோல்ட் ஆஸ்திரேலியாவில் ஒரு ஆர்க்கிடெக்ட். தன் வேலைக்குத் தேவையான கருவி சரியாக இல்லையே என்று எழுத ஆரம்பித்தவர். இந்த மாதிரி வேலைக்கு யாரும் முதலிலேயே பதவிப் பெயர் வைத்துக் காத்திருப்பது இல்லை.

மூன்றாவது, முதல் புராஜெக்ட் சின்னதாக இருக்கட்டும். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கலாம். உடனே என்றால் என்ன அர்த்தம்? முன்னாடி ஆபீஸில் பார்த்துச் சொல்லும் தப்பை இப்போ யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். பொறுப்பு விண்ணப்பிக்கிறவர் தலையில். 2019-ம் வருஷக் கட்டட விதிகளில் பக்கவாட்டு இடைவெளி, உயரம் மாதிரி ஒரு பத்து விதியை மட்டும் எடுத்து, ஒரு பிளானைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் எழுதுங்க. கட்டடம், சட்டம், கோட் மூன்றும் அதிலேயே வந்துவிடும்.

நான்காவதுதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறோம். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஏதாவது ஒரு வீட்டு வேலை நடக்கும் சைட்டில் இரண்டு வாரம் நில்லுங்க. கொத்தனார் எந்த அளவை டேப்பில் பார்க்கிறார், எதைக் கண்ணிலேயே முடிவு செய்கிறார் என்று குறிச்சுக்கோங்க. எத்தனை கல் உடைகிறது, எவ்வளவு கலவை மிஞ்சுகிறது என்று எண்ணுங்க. கட்டெர்ராவிடம் 200 கோடி டாலர் இருந்தது. உங்களிடம் இருக்கப்போவது இந்த நோட்டு.

வேலை தேடும்போதும் இதே அளவுகோல்தான். பி.ஐ.எம். வேலை, பிரீகாஸ்ட் கம்பெனி, பிரிண்டிங் ஸ்டார்ட்-அப், எதில் வேண்டுமானாலும் சேருங்க. இன்டர்வியூவில் ஒரு கேள்வியை மட்டும் திருப்பிக் கேளுங்க: "நான் மாடல் பண்றதை சைட்டில் போய்ப் பார்க்க விடுவீங்களா?" ஆமாம் என்றால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் யோசிங்க. இல்லை என்றால், எத்தனை வருஷம் அங்கே இருக்கலாம் என்று ஒரு கணக்கு வெச்சுக்கோங்க.

அதனால உங்க கேள்விக்கு என் பதில்: ஒண்ணைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. ஆனா எதிலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுங்க. சுவரிலிருந்து தொடங்கினால் கோட் பின்னாடி வரும்.

அந்த இரண்டு வார நோட்டை எழுதி முடிச்சதும் எங்களுக்கு அனுப்புங்க. இன்னொரு எபிசோடில் உங்களோடயே உட்கார்ந்து பேசுவோம்.